புகையற்ற வெடிமருந்தும் பழைய துவக்கும்: ஒரு பொருந்தாமையின் வரலாறு

போர்க்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி தோன்றுகின்றது. அதனிலும் சிறந்த பிறிதொன்று தோன்றி முன்னையதை அகற்றிவிடுகின்றது. இவ்வாறே முன்னேற்றம் படிப்படியாக நிகழ்கின்றது என்பதே பாடநூல்கள் காட்டும் சித்திரமாகும். ஆனால், பழையது அத்துணை எளிதில் அகன்றுவிடுவதில்லை. புதியது தோன்றிய பின்னரும் அது வீட்டு மூலையிலும் வேட்டைக்காரனின் தோளிலும் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றது. பழையதும் புதியதும் ஒரே கையிற் சந்திக்கும்போது நிகழ்வது யாது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

இவ்வினாவிற்கு விடை தேடுதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு, குழலின் வாய்வழியாக மருந்திடப்படும் துவக்குகளின் வரலாற்றிற் காணப்படுகின்றது. கரும்பொடிக்கென ஆக்கப்பட்ட இத்துவக்குகளிற் புகையற்ற வெடிமருந்தை இடுதல் ஆகாது என்பது, துவக்குச் செய்வோரும் சுடுவோரும் ஒருங்கே ஏற்றுக்கொண்ட விதியாகும். இவ்விதியை மீறியமையாற் குழல் பிளந்து, விரலையும் கண்ணையும், சில வேளைகளில் உயிரையும் இழந்தோர் உளர். இது வெறும் இரசாயன விதியன்று. அதன் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. துவக்கு என்பது இரும்பு, மருந்து, கைப்பழக்கம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இசைந்து நின்றதன் விளைவாகும். அவற்றுள் ஒன்று மாத்திரம் மாறி, ஏனையவை மாறாதிருந்த வேளைகளிலேயே பெருந்தீங்குகள் நேர்ந்தன என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கின்றது.

கரும்பொடியும் அதன் அளவும்

வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த கரும்பொடி சீனாவிலே தோன்றி, 13ஆம் நூற்றாண்டளவில் ஐரோப்பாவிலும் அறியப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை துவக்குகளுக்கும் பீரங்கிகளுக்கும் உரிய மருந்தாக விளங்கியது. இதனைச் செய்வதற்குப் பெருந்தொழிற்சாலை இன்றியமையாததன்று. கண்டி இராச்சியத்தில் வாழ்ந்தோர் குகை மண்ணிலிருந்து வெடியுப்பை வடித்தெடுத்துத் தமக்கு வேண்டிய மருந்தைத் தாமே செய்துகொண்டனர். ஆங்கிலப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜோன் டேவி, இலங்கையின் உட்பகுதி பற்றி 1821இல் வெளியிட்ட நூலில் இத்தகைய வெடியுப்புக் குகைகளை விவரித்துள்ளார். மருந்தைச் செய்தவனும் அதனைச் சுட்டவனும் ஒரே சமூகத்திற்கு உரியவராய் இருந்த நிலையில், அம்மருந்தின் குணமும் குற்றமும் அனுபவ வாயிலாகவே அறியப்பட்டிருந்தன.

கரும்பொடி வலிமை குன்றிய மருந்தாகும். அண்ட்ரூ நோபிள், பிரெடெரிக் ஏபெல் என்னும் பிரித்தானியர் இருவர் அதனை மூடிய கலத்தில் எரித்து ஆராய்ந்து, தம் முடிபுகளை 1875இல் வெளியிட்டனர். எரிந்த மருந்தின் நிறையில் ஏறத்தாழ 43 வீதம் மாத்திரமே வாயுவாக மாறுகின்றது என்பதும், எஞ்சிய 57 வீதமும் திண்மப் பொருளாகின்றது என்பதும் அவர்கள் கண்ட உண்மைகளாகும். போர்க்களத்தை மூடும் வெண்புகையும் குழலிற் படியும் கசடும் இத்திண்மப் பொருளின் வடிவங்களே.

ஆயினும், இக்குறைபாட்டினுள்ளே ஒரு காப்பும் அடங்கியிருந்தது. அமுக்கம் உயரும்போது கரும்பொடியின் எரிவேகம் பெரிதாக உயர்வதில்லை. ஆதலால், மருந்தின் அளவு சிறிது மிகுந்தாலும் குழலினுள் அமுக்கம் கட்டுமீறி ஏறுவது அரிது. இதனாலேயே வேட்டைக்காரர் மருந்தைத் தராசில் நிறுக்க வேண்டிய தேவை எழவில்லை. மருந்துக் கொம்பிலிருந்தோ குடுவையிலிருந்தோ ஒரு சிறிய அளவுக் குழாயை நிரப்பிக் குழலினுள் ஊற்றினர். நிறையன்றிக் கனவளவே அளவாயிற்று. தந்தையின் கையிலிருந்து மைந்தன் கைக்கு வந்த அவ்வளவுக் குழாயே, பின்னர் நேர்ந்த பல தீங்குகளுக்கும் அறியாக் காரணமாயிற்று.

குழலுக்குள் மறைந்திருப்பது

வாய்வழித் துவக்கின் அமைப்பு எளிமையானது. குழலின் ஒரு முனை திறந்தும் மறுமுனை திருகி இறுக்கிய அடைப்பினால் மூடப்பட்டும் இருக்கும். திறந்த வாய்வழியாக மருந்தையும், அதன்மேல் ஈயக்குண்டையும் இட்டு, நீண்ட கோலினால் இடித்து இறுக்குதல் வேண்டும். அடிப்புறத்திலுள்ள சிறு தீத்துளை வழியே நெருப்பு உட்செல்லும். 1853இல் ஆங்கிலப் படை ஏற்றுக்கொண்ட என்பீல்ட் றைபிள் இவ்வகையின் உயர்ந்த நிலையைக் காட்டுவதாகும். அதன் குழல் தேனிரும்பினாற் செய்யப்பட்டது. கரும்பொடி உண்டாக்கும் அமுக்கத்திற்கு அவ்விரும்பு போதுமானதாக இருந்தது.

இவ்வமைப்பின் அடிப்படைக் குறை, குழலுக்குள் இருப்பது யாது என்பதைச் சுடுபவன் கண்ணாற் காண இயலாமையாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1863 யூலையில் நிகழ்ந்த கெற்றிஸ்பேர்க் சமரின் பின்னர், களத்திலிருந்து 27,000க்கு மேற்பட்ட துவக்குகள் சேகரிக்கப்பட்டன. படைக்கல அலுவலரின் அறிக்கையின்படி, அவற்றுள் ஏறத்தாழ 24,000 துவக்குகள் மருந்திட்டபடியே கிடந்தன. அவற்றிலும் ஏறக்குறைய அரைவாசியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருமுறை மருந்திடப்பட்டிருந்தது. ஒரு துவக்கினுள் 23 முறை இட்ட மருந்து இருந்ததாகவும் கூறப்படுகின்றது. முதல் மருந்து வெடிக்கவில்லை என்பதைப் போரின் இரைச்சலில் உணராத படைவீரன், அதன்மேல் மீண்டும் மீண்டும் மருந்தை இட்டுக்கொண்டிருந்தான்.

பெரும் பீரங்கிகளிலும் இக்குறை வெளிப்பட்டது. 1879 ஜனவரி 2ஆம் திகதி, மர்மாராக் கடலில் 'தண்டரர்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பலில் 38 தொன் நிறையுடைய வாய்வழிப் பீரங்கி ஒன்று வெடித்துச் சிதறியது. 11 பேர் உயிரிழந்தனர். முதலில் இட்ட மருந்து வெடிக்காதிருக்க, அதனை உணராது இரண்டாம் முறையும் மருந்திட்டமையே காரணம் என விசாரணையிற் கூறப்பட்டது. ஆங்கிலக் கடற்படை வாய்வழிப் பீரங்கிகளைக் கைவிட்டுப் பின்வழிப் பீரங்கிகளுக்குத் திரும்புவதற்கு இந்நிகழ்ச்சி ஒரு முக்கிய தூண்டுகோலாயிற்று. பொறுமை மிக்க கரும்பொடியின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை இது காட்டிற்று. அப்பொறுமை சிறிதும் இல்லாத மருந்தொன்று இத்தகைய குழலினுள் இடப்படின் விளைவு யாதாகும் என்பதை ஊகித்தல் கடினமன்று.

வெடிபஞ்சு முதல் புகையற்ற மருந்து வரை

அத்தகைய மருந்துக்கான தேடல் ஏற்கெனவே தொடங்கியிருந்தது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் இரசாயனப் பேராசிரியராக விளங்கிய கிறிஸ்தியன் பிரீட்ரிக் ஷோன்பைன், பஞ்சினை அமிலங்களோடு சேர்த்துப் பெற்ற வெடிபஞ்சினை 1846இல் உலகறியச் செய்தார். அது புகையின்றி எரிந்தது; கசடு வைக்கவில்லை; கரும்பொடியிலும் பன்மடங்கு வலிமை கொண்டிருந்தது. படைத்தலைவர்கள் மகிழ்ந்தனர். ஆனால், அம்மகிழ்ச்சிக்கு முதலில் விலை கொடுத்தவர்கள் தொழிலாளரே. இங்கிலாந்தின் பாவர்ஷாம் நகரில் வெடிபஞ்சு செய்த தொழிற்சாலை 1847 யூலை 14ஆம் திகதி வெடித்துத் தரைமட்டமாயிற்று. இருபதுக்கு அண்மித்த தொழிலாளர் மாண்டனர். பிரான்சிலும் இத்தகைய விபத்துகள் தொடர்ந்தன. ஒஸ்திரியா, வெடிபஞ்சினைப் பீரங்கிகளுக்கு உரியதாக்கப் பெரிதும் முயன்றது. அங்கும் களஞ்சியங்கள் வெடித்தமையால் 1865இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இவ்விபத்துகளிலிருந்து இரு பாடங்கள் பெறப்பட்டன. பஞ்சின் இழைகளினுள் எஞ்சி நின்ற அமிலம் மருந்தைத் தானே சிதைவுறச் செய்யும் என்பது முதலாவது. பஞ்சினைக் கூழாக்கிக் கழுவி அமிலத்தை நீக்கும் முறையை ஏபெல் 1865இல் வகுத்தார். இரண்டாவது பாடம் துவக்கைப் பொறுத்தமட்டில் இன்னும் முக்கியமானது: இழைவடிவில் நின்ற வெடிபஞ்சு அளவிறந்த வேகத்தோடு எரிந்து குழலையே பிளந்தது. வலிமை குறைவதன்று, வேகம் கட்டுப்படுவதே தேவை என்பது மெல்ல உணரப்பட்டது.

இவ்வேகத்தைக் கட்டுப்படுத்தியவர் பிரெஞ்சு இரசாயனவியலாளரான போல் வியேய் ஆவார். அவர் 1884இல் வெடிபஞ்சினைக் கரைப்பான்களால் இளக்கிப் பசையாக்கி, மெல்லிய தகடுகளாகப் பரப்பி, உலர்த்திச் சிறு துண்டுகளாக வெட்டினார். இழை அமைப்பு அழிந்தமையால், ஒவ்வொரு துண்டும் வெளிப்பரப்பிலிருந்து உள்நோக்கிப் படைபடையாக எரிந்தது. துண்டின் தடிப்பை மாற்றுவதன் மூலம் எரியும் காலத்தை வரையறுத்தல் சாத்தியமாயிற்று. இம்மருந்துக்கென ஆக்கப்பட்ட 8 மில்லிமீற்றர் லெபெல் றைபிளைப் பிரெஞ்சுப் படை 1886இல் ஏற்றுக்கொண்டது. அல்பிரட் நொபெல் 1887இல் பலிஸ்ரைற் என்னும் மருந்தையும், ஏபெலும் ஜேம்ஸ் டூவரும் 1889இல் கோடைற் என்னும் மருந்தையும் ஆக்கினர்.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது கால ஒழுங்காகும். புகையற்ற மருந்து வெற்றியாக உருப்பெற்ற 1884ஆம் ஆண்டளவில் ஐரோப்பியப் படைகள் வாய்வழித் துவக்கைக் கைவிட்டுவிட்டன. இங்கிலாந்து 1866 முதல் தன் பழைய என்பீல்ட் றைபிள்களைப் பின்வழித் துவக்குகளாக மாற்றத் தொடங்கியிருந்தது. ஆகவே, புகையற்ற மருந்து பித்தளைத் தோட்டாவோடும் உருக்குக் குழலோடும் கூடவே வளர்ந்தது. தோட்டாவின் பித்தளைச் சுவர் வாயு பின்னோக்கிக் கசியாது தடுத்தது. அதனினும் மேலாக, மருந்தை அளக்கும் பொறுப்பைச் சுடுபவனின் கையிலிருந்து தொழிற்சாலைக்கு மாற்றியது. புகையற்ற மருந்தும் வாய்வழித் துவக்கும் எப்படையிலும் ஒருங்கே இசைந்து வளர்ந்த வரலாறு இல்லை. அவற்றை இணைத்தது படையன்று; பழையதைக் கைவிடாத மனிதனே.

ஒரே அளவு, வேறு மருந்து

புதிய மருந்து பழைய கருவியைச் சந்தித்தபோது நேரும் இடரைப் படைகளே முதலில் அனுபவித்தன. ஆங்கிலப் படை 1888இல் ஏற்றுக்கொண்ட லீ-மெற்போட் றைபிள் பின்வழித் துவக்கேயாயினும், அதன் குழலின் ஆழமற்ற சுரிகள் கரும்பொடியின் கசடு படியாதிருத்தற்கென வகுக்கப்பட்டவை. கோடைற்று மருந்தின் கடும் வெப்பம் அச்சுரிகளை விரைவில் அரித்துவிட்டது. 1895இல் ஆழமான சுரிகளையுடைய லீ-என்பீல்ட் அதன் இடத்தைப் பெற்றது. பேரரசின் படைக்கலச் சாலைகளே ஏழு ஆண்டுகளுக்குள் குழலைத் திருத்த வேண்டியிருந்ததெனின், தனி மனிதன் ஒருவன் தன் பாட்டனாரின் துவக்கோடு நிகழ்த்தும் பரிசோதனை எத்துணை இடர் மிக்கது என்பதை உணரலாம்.

வேட்டைத் துவக்குகளின் துறையில் இவ்விடர் வேறொரு வடிவம் பெற்றது. பிரசியப் பீரங்கிப்படை அலுவலரான ஷுல்ற்சே 1860களில் மரத்திலிருந்து ஆக்கிய மருந்தும், அதன் வழிவந்த வேறு சிலவும் 'பருமன் மருந்துகள்' எனத்தக்கவை. கரும்பொடியை அளந்த அதே அளவுக் குழாயால் அளந்தாற் போதும் என்னும் வகையில், அவை வேண்டுமென்றே இலேசாக ஆக்கப்பட்டிருந்தன. இது வேட்டைக்காரரின் பழக்கத்தோடு செய்துகொண்ட ஓர் உடன்பாடு எனலாம். ஆனால், பின்னர் வந்த பலிஸ்ரைற் போன்றவை செறிவு மிக்க மருந்துகள். அவற்றைப் பழைய குழாயால் நிரப்பி அளப்பின், வேண்டியதைக் காட்டிலும் பல மடங்கு மருந்து குழலினுட் சென்றுவிடும். பார்வைக்கு இரண்டும் பொடிகளே, அளவுக் குழாயும் ஒன்றே, விளைவோ வேறு.

பெயரும் நிறமும் இம்மயக்கத்தைப் பெருக்கின. புகையற்ற மருந்தின் துகள்கள் பெரும்பாலும் பென்சிற் கரியெனப்படும் காரீயம் பூசப்பெற்றுக் கருமையாகவே தோன்றுவன. 'கரும்பொடி' என்பது நிறத்தைக் குறிக்கும் சொல்லெனக் கொண்டு, கறுப்பாயுள்ள எப்பொடியையும் இடலாமெனக் கருதுவோர் பெருந்தவறு செய்கின்றனர். அது ஒரு குறித்த கலவையின் பெயரேயன்றி நிறத்தின் பெயரன்று.

அளவைச் சிறிதாக்கினால் இடர் நீங்குமன்றோ எனச் சிலர் வினவுவர். நீங்காது என்பதற்குக் காரணங்கள் உள. புகையற்ற மருந்து, நிறைக்கு நிறை, கரும்பொடியைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு ஆற்றல் உடையது. அதனினும் முக்கியமாக, அமுக்கம் உயர உயர அதன் எரிவேகமும் உயர்கின்றது. உயர்ந்த வேகம் மேலும் அமுக்கத்தை உயர்த்துகின்றது. கரும்பொடியில் இல்லாத இவ்வொன்றையொன்று ஊட்டும் ஏற்றம், ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு கூற்றளவான காலத்தினுள் குழலின் தாங்குசக்தியைக் கடந்துவிடலாம். குண்டினைச் சிறிது மிகையாக இடித்து இறுக்குவதோ, மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெளி விடுவதோகூட அமுக்கத்தைப் பெரிதும் மாற்றவல்லது. வாய்வழித் துவக்கிலோ இவையாவும் சுடுபவனின் கைத்திறத்தைப் பொறுத்தவை. ஒருமுறை போல் மறுமுறை அமைவதில்லை. மேலும், தோட்டாவின் தடுப்பு இங்கில்லை. மிகுந்த அமுக்கம் தீத்துளை வழியே சுடுபவனின் முகத்தை நோக்கிச் சீறும். அடைப்பின் திருகுபுரிகளை நெரிக்கும். முதல் வேட்டிற் பிளவாத குழல், உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் வளர்ந்து, பின்னொரு வேட்டிற் பிளக்கலாம். ஒருமுறை தப்பியமை பாதுகாப்பின் சான்றாகாது.

முத்திரைகளின் சாட்சியம்

குழலின் தாங்குசக்தியைப் பொதுநிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றளிக்கும் மரபு பழமையானது. இலண்டன் துவக்குச் செய்வோர் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. பேர்மிங்காமில் 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சோதனைச் சாலை நிறுவப்பட்டது. வழமையினும் மிகுந்த மருந்தையிட்டுச் சுட்டு, பிளவாத குழலில் முத்திரை பொறிப்பர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகையற்ற மருந்துக்கெனத் தனி முத்திரை வழக்கிற்கு வந்தது. கல்வெட்டு ஓர் அரசனின் காலத்தையும் கொடையையும் உரைப்பதுபோல, இம்முத்திரை ஒரு குழல் எம்மருந்தின் காலத்திற்கு உரியது என்பதை உரைக்கின்றது. கரும்பொடியாற் சோதிக்கப்பட்ட குழலின் முத்திரை, புகையற்ற மருந்தைப் பற்றி எந்த உறுதியும் அளிப்பதில்லை.

பழைய துவக்கு நிலைத்திருந்தமைக்கு மக்களின் அறியாமையே காரணம் எனக் கொள்ளுதல் தவறாகும். அடிமை வாணிகத்தை ஒடுக்குதற்கெனக் கூடிய பிரசெல்ஸ் மாநாட்டின் 1890ஆம் ஆண்டு உடன்படிக்கை, ஆபிரிக்காவில் 20ஆம் வட அகலக்கோட்டிற்கும் 22ஆம் தென் அகலக்கோட்டிற்கும் இடையே நவீன துவக்குகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. சுரியற்ற சக்கிமுக்கித் துவக்கும் சாதாரண வாணிக வெடிமருந்துமே அங்கு விலக்களிக்கப்பட்டன. ஐரோப்பியப் படைகள் புகையற்ற மருந்தை ஏந்திய அதே ஆண்டுகளில், ஆபிரிக்க மக்கள் கரும்பொடியின் காலத்தில் நிறுத்திவைக்கப்பட்டனர். பழமை சில வேளைகளில் சட்டத்தினாலேயே பேணப்படுகின்றது. இலங்கையின் காட்டோரக் கிராமங்களில் இன்றும் விபத்துகளை விளைவிக்கும் கட்டுத்துவக்கும், வாய்வழி மருந்திடும் முறை முற்றாக மறையவில்லை என்பதற்குச் சான்றாகும்.

அமெரிக்காவிலோ பழமை விருப்பத்தினாற் பேணப்பட்டது. வாய்வழி றைபிள் சுடுவோரின் தேசிய சங்கம் 1933இல் அங்கு நிறுவப்பட்டது. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு 1961 முதல் 1965 வரை கொண்டாடப்பட்டபோது பழைய துவக்குகளின் பிரதிகளுக்குப் பெரும் கிராக்கி ஏற்பட்டது. பல மாநிலங்கள் இத்துவக்குகளுக்கெனத் தனி வேட்டைப் பருவங்களையும் வகுத்தன. இதனால், கரும்பொடியோடு வளராத ஒரு புதிய தலைமுறையின் கைக்குப் பழைய அமைப்புடைய துவக்கு வந்துசேர்ந்தது. கடையில் எளிதிற் கிடைப்பது புகையற்ற மருந்து. துவக்கின் உருக்கோ புதியது. ஆதலின் இடர் இல்லையெனக் கருதும் மயக்கம் பிறந்தது. 1970களில் வெளிவந்த பைரோடெக்ஸ் என்னும் மாற்றுமருந்து கரும்பொடியின் கனவளவிற்கே இசைய ஆக்கப்பட்டமை, பழைய அளவுக் குழாயின் வலிமையை மீண்டும் ஒப்புக்கொண்டதாகும். 2000களின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க நிறுவனம் புகையற்ற மருந்துக்கெனவே தனியானதொரு வாய்வழி றைபிளை ஆக்கி விற்றது. அது விதியைப் பொய்யாக்கவில்லை. மருந்து மாறின் குழலும் அடைப்பும் அளக்கும் முறையும் உடன்மாறுதல் வேண்டும் என்பதை உறுதிப்படுத்தியது. அந்தத் துவக்கிற்குப் பொருந்தியது வேறெந்த வாய்வழித் துவக்கிற்கும் பொருந்தாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், கரும்பொடித் துவக்கிற் புகையற்ற மருந்தை இடலாகாது என்னும் விதி, அச்சத்தினால் எழுந்த வெறும் மரபன்று என்பது புலனாகும். பாவர்ஷாம் தொழிலாளர் தொடக்கம், பெயரறியாத வேட்டைக்காரர் வரை பலரின் இழப்பினால் எழுதப்பட்ட விதி அது. கண்டுபிடிப்பாளரின் பெயர்கள் நூல்களில் நிலைத்துள்ளன; கையிழந்தோரின் பெயர்கள் நிலைக்கவில்லை. ஒரு புதிய பொருள் எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்று மாத்திரம் வினவும் வரலாறு குறையுடையது. அது எந்தப் பழைய கருவியோடு, எந்தப் பழைய பழக்கத்தோடு, யாருடைய கையிற் சேர்ந்தது என்றும் வினவுதல் வேண்டும். மருந்து ஓராண்டில் மாறலாம். இரும்பு ஒரு தலைமுறையில் மாறலாம். கைப்பழக்கமோ அவ்விரண்டிற்கும் பின்னரே மாறுகின்றது. அவ்விடைக்காலத்திலேதான் குழல்கள் பிளக்கின்றன.